பத்து நாள் மருந்து

வலது பதினாலு, இடது பதினைந்து என்று சொல்லிக்கொண்டே கண் ஆஸ்பத்திரியில் பிரஷர் பார்க்கிற பெண் கோப்பில் எழுதினாள். எழுதி முடித்துவிட்டு, "பிரஷர் நல்லா இருக்குங்க ஐயா, வெளிய உக்காருங்க, டாக்டர் கூப்பிடுவாங்க" என்று ஒரு பஞ்சுத் துண்டை நாச்சிமுத்துவின் கையில் வைத்தாள். கன்னத்தில் வழிந்த மஞ்சள் நீரைத் துடைத்துக்கொண்டு அவன் எழுந்தான். மரப்பு மருந்து விட்ட கண் இரண்டும் யாருடையவோ மாதிரி இருந்தன. நீல விளக்கு நெருங்கி வந்து விழிமேல் ஒட்டி நின்றபோது வலி ஒன்றும் இல்லை, பார்க்கத்தான் பயம்; அதுவும் பழகிப்போயிற்று, மூன்று வருஷத்தில் இது ஒன்பதாவது தடவை. கதவுக்கு வெளியே வரிசை நாற்காலியில் உட்கார்ந்திருந்த அவன் மனைவி சாந்தாமணி அவனைக் கண்டதும் எழுந்துவிட்டாள். "என்னுங்க சொன்னாங்க?" என்றாள். "பதினாலு" என்றான். "மொதல்ல இருவத்தொம்பதுன்னாங்களே, அதுங்களா இப்பப் பதினாலு?" என்று கேட்டு, அவன் தலையாட்டுவதற்குள் மருதமலை இருக்கிற திசை எதுவென்று தெரியாமல் எதிர்ச் சுவரைப் பார்த்துக் கன்னத்தில் போட்டுக்கொண்டாள். அவன் பக்கத்தில் உட்கார்ந்தான். பதினாலு பொய்யில்லை. கருவிக்குப் பொய் சொல்லத் தெரியாது. இன்றைக்கு, இந்தக் காலை பத்தரை மணிக்கு, அவன் வலது கண்ணுக்குள் இருக்கிற அழுத்தம் பதினாலுதான். போன மாதம் இதே தேதியில் எவ்வளவு இருந்தது என்பதுதான் அவனுக்கும் தெரியாது, யாருக்கும் தெரியாது. போன மாதம் அவன் அழுத்தத்தைக் குறைக்கிற சொட்டு மருந்தை விடவில்லை. அதற்கு முந்தின மாதமும் விடவில்லை. பரிசோதனைத் தேதிக்குப் பத்து நாள் முன்னால் ஆரம்பிப்பான், பார்த்து முடிந்து வீட்டுக்குப் போனதும் நிறுத்திவிடுவான். மூன்று வருஷமாக இப்படித்தான்.

இதை ஒரு திருட்டு என்று அவன் முதலில் நினைக்கவே இல்லை, அதுதான் வேடிக்கை. ஈரோட்டுக்குப் பக்கத்தில் ஒரு சாயப்பட்டறையில் இருபத்தாறு வருஷமாக அவன் பாய்லர்காரன். வருஷத்துக்கு ஒரு முறை பாய்லர் இன்ஸ்பெக்டர் வருவார். அவர் வருகிற மாதம் பட்டறையே வேறு பட்டறை. தண்ணீரை மென்மையாக்குகிற உப்பு மூட்டை மூட்டையாக வந்து இறங்கும். குழாய்களுக்குள் பிரஷ் விட்டு உப்புப் படிவத்தைச் சுரண்டி எடுப்பார்கள். பிரஷர் கேஜைக் கழற்றி அனுப்பி முள் சரியாக நிற்கிறதா என்று பார்த்துச் சீட்டு வாங்கி வைப்பார்கள். சேஃப்டி வால்வுக்கு எண்ணெய், சுவருக்குச் சுண்ணாம்பு, நாச்சிமுத்துவுக்குப் புதுக் காக்கி. இன்ஸ்பெக்டர் வந்து தட்டிப் பார்த்து, முள்ளைப் பார்த்து, கையெழுத்துப் போட்டுச் சான்றிதழைக் கொடுத்துவிட்டுப் போவார். அதற்கு அடுத்த வாரத்திலிருந்து உப்பு வராது. போர்வெல் உப்புத் தண்ணீர் அப்படியே உள்ளே போகும். கேட்டால் முதலாளி, "பாத்துக்கலாம் நாச்சிமுத்து" என்பார். அவனும் பார்த்துக்கொண்டான். யாருக்கும் அது தப்பென்று தோன்றியதில்லை. சோதனைக்குத் தயாராவது என்றால் அந்த ஊரில் அதுதான் அர்த்தம். டாக்டரம்மா முதல் நாள், "நாலு மாசத்துக்கு ஒரு தடவை வந்து பிரஷர் செக் பண்ணிக்கணும்" என்று சொன்னபோது அவன் மனசு அதைப் பட்டறைக் கணக்கிலேயே வாங்கிக்கொண்டது. நாலு மாதத்துக்கு ஒரு இன்ஸ்பெக்‌ஷன். அன்றைக்கு முள் சரியாக நின்றால் போதும். தேர்ந்த பாய்லர்காரன் என்று அவனுக்கு ஒரு பெயர் உண்டு. அந்தத் தேர்ச்சிதான் குழியில் தள்ளியது என்று இப்போது நினைக்கையில் வாய்க்குள் சிரிப்பு மாதிரி ஒன்று வந்து கசந்தது. "என்னுங்க?" என்றாள் சாந்தாமணி. "ஒண்ணுமில்ல" என்றான்.

பிரஷரை ஏமாற்றிவிடலாம், காலையில் பார்வையின் அகலத்தை அளந்த அந்த இன்னொரு சோதனையை ஏமாற்ற முடியவில்லை. இருட்டு அறை. வெள்ளைக் கிண்ணம் மாதிரி ஒரு குழிவு, அதற்குள் முகத்தை வைத்து, ஒரு கண்ணை மூடிக் கட்டி, நடுவில் எரிகிற மஞ்சள் புள்ளியையே பார்த்துக்கொண்டிருக்க வேண்டும். சுற்றிலும் எங்காவது ஒரு பொட்டு வெளிச்சம் வந்து மறையும். வந்தது தெரிந்தால் கையிலுள்ள பொத்தானை அமுக்க வேண்டும். அவ்வளவுதான் வேலை. இடது கண்ணுக்கு வைத்தபோது ஒன்று வந்தது, அமுக்கினான். இன்னொன்று வந்தது, அமுக்கினான். அப்புறம் ஒன்றும் வரவில்லை. வரவில்லை என்றுதான் முதலில் நினைத்தான். கருவிக்குள் மட்டும் ஒரு சின்ன ஓசை, டிக் என்று, ஒவ்வொரு வெளிச்சத்துக்கும் முன்னால் கேட்கிற ஓசை, அது நிற்காமல் கேட்டுக்கொண்டே இருந்தது. டிக். டிக். அப்படியென்றால் வெளிச்சம் வருகிறது. அவனைச் சுற்றி வெளிச்சமாக வந்து போய்க்கொண்டிருக்கிறது, அவனுக்குத்தான் இல்லை. இருபத்தாறு வருஷம் பாய்லர் சத்தத்தைக் கேட்டே கோளாறு சொல்கிற காது அவனுடையது. டிக்கை மட்டும் வைத்துக்கொண்டு, பார்க்காமலே இரண்டு மூன்று தடவை அமுக்கிப் பார்த்தான். "ஐயா, தெரிஞ்சா மட்டும் அமுக்குங்க, இல்லாட்டி மெஷின் கண்டுபிடிச்சிரும்" என்று இருட்டுக்குள்ளிருந்து குரல் வந்தது. தெரிந்தால் மட்டும். சரி என்று கையைத் தளர்த்தினான். வலது கண்ணுக்கு மாற்றியபோது தைரியமாகத்தான் உட்கார்ந்தான், அது நல்ல கண். அதிலும் மேல் பக்கத்தில் ஒரு இடத்தில் டிக் கேட்டது, டிக் கேட்டது, ஒன்றும் வரவில்லை.

இல்லாமல் போவது கறுப்பாக இருக்கும் என்று எல்லாரும் நினைக்கிறார்கள். அவனும் நினைத்திருந்தான். கறுப்பு இல்லை, புகை இல்லை, மறைப்பு இல்லை. வெறுமனே இல்லை, அவ்வளவுதான். கூடத்தில் உட்கார்ந்தபடியே வலது கண்ணைக் கையால் பொத்திக்கொண்டு சாந்தாமணியைப் பார்த்தான். மூக்குத்தி தெரிந்தது. வாய் தெரிந்தது. வாய் லேசாக அசைந்துகொண்டிருந்தது, கந்தர் சஷ்டியோ என்னவோ. நெற்றியும் தலையும் இருக்க வேண்டிய இடத்தில் சுவரின் பச்சை நிறம் தானாக வந்து நிரம்பி, அங்கே எதுவுமே குறையாத மாதிரி சாதித்துக்கொண்டிருந்தது. மனசும் கண்ணும் கூட்டுச் சேர்ந்துகொண்டு ஆளை ஏமாற்றுகின்றன. கையை எடுத்தான். அவள் முழுசாக வந்தாள், நரைத்த வகிடு, குங்குமம், வெளியூர் போகிற நாள் மட்டும் உடுத்துகிற மாம்பழ நிறப் புடவை. இந்த முழுசு எல்லாம் வலது கண் கொடுப்பது. அந்த வலது கண்ணுக்குத்தான் ஆபரேஷன் என்று டாக்டரம்மா போன தடவையே சொல்லிவிட்டார்கள். இன்றைக்கு எடுக்கிற சோதனையிலும் பார்வை சுருங்கியிருந்தால் தள்ளிப்போட முடியாது, வீட்டில் யாரையாவது கூட்டிக்கொண்டு வாருங்கள், பேச வேண்டும் என்றார்கள். அதனால்தான் இவள் முதல்முறையாகக் கூட வந்திருக்கிறாள். ஆபரேஷனில் என்ன ஆபத்து என்பதையும் டாக்டரம்மா ஒளிக்கவில்லை. நூற்றில் ஒன்றிரண்டு பேருக்கு, கண் நரம்பு ரொம்பவும் நைந்திருந்தால், மிச்சம் இருக்கிறதும் போய்விடலாம். எதற்கு ஆபரேஷன்? பிரஷர் மருந்திலேயே பதினாலில் நிற்கிறது, நின்றும் நரம்பு கெடுகிறது, ஆகவே பத்துக்கு இறக்க வேண்டும். அந்தம்மா கணக்கில் ஒரு தப்பும் இல்லை. கணக்குக்கு முதல் வரி கொடுத்தவன்தான் தப்பாகக் கொடுத்துவிட்டான்.

சொல்லிவிட வேண்டியதுதானே என்று பஸ்ஸில் வரும்போதே முடிவெடுத்திருந்தான். சொல்வது ஒன்றும் பெரிய காரியமில்லை. டாக்டரம்மா, நான் மருந்து ஒழுங்கா விடலீங்க. ஐந்தே வார்த்தை. ஆனால் ஏன் விடவில்லை என்று கேட்பார்களே. அங்கேதான் வண்டி நின்றுவிடுகிறது, அவிநாசி தாண்டியதிலிருந்து அங்கேயே நிற்கிறது. எரிச்சலா? கொஞ்சம் எரியும், அது ஒரு பொருட்டில்லை, நெருப்புக்கு முன்னால் நின்ற முகம். மறதியா? மறதிக்கு இடமே இல்லை, சாந்தாமணி விடமாட்டாள். கண் சிவக்கும், அதுதான். மருந்து விட ஆரம்பித்த மூன்றாம் நாளே இரண்டு கண்ணும் செவ்வரளிப் பூவாகச் சிவந்துவிட்டது. அன்றைக்கு வேலை முடிந்து வந்து வாசலில் செருப்பைக் கழற்றும்போது சாந்தாமணி டீ டம்ளரோடு வந்தாள். டம்ளரை நீட்டினாள், நீட்டியவள் கையை எடுக்காமல், ஒரு சாண் அதிகமாக முன்னால் குனிந்தாள். ஒன்றும் கேட்கவில்லை. மூக்கு மட்டும் லேசாக விரிந்தது. அவன் குடியை விட்டு அப்போது எட்டு வருஷம், இன்றைக்குப் பதினோரு வருஷம். எட்டு வருஷமாக அந்த மூக்கு சும்மா இருந்தது, அன்றைக்கு மறுபடியும் வேலைக்கு வந்துவிட்டது. "மருந்துக்குச் செவக்குமாமா சாந்தா" என்றான். "செரிங்க" என்றாள். அந்தச் செரிங்கவை அவனுக்குத் தெரியும். குடிக்கிற காலத்தில் அவன் சொல்லாத காரணமா? பாய்லர் சாம்பல் பட்டுருச்சு. விறகு ஈரம், ஒரே பொகை. ரெண்டு ஷிப்ட் பாத்தேன், தூக்கமில்ல. எல்லாத்துக்கும் அவள் இதே செரிங்கதான் சொன்னாள். அத்தனை பொய்க்கும் விழுந்த அதே சொல் இந்த ஒரு உண்மைக்கும் விழுந்தபோது அவனுக்கு அழுகை வந்தது. அவளைக் குறை சொல்ல ஒன்றுமில்லை. ஒரு வருஷம், இரண்டு வருஷம் இல்லை, பதினாறு வருஷம் அந்த மூக்கு அவனை மோந்துதான் அன்றைய ராத்திரி எப்படிப் போகும் என்று தெரிந்துகொண்டது. அதைப் பழக்கியவன் அவன்தான். இருந்தாலும் தினம் தினம் வாசலில் நின்று அதற்கு முகத்தைக் கொடுக்க முடியவில்லை. ஒரு வாரம் கொடுத்தான். எட்டாம் நாள் பாத்ரூமில் கண்ணாடிக்கு முன்னால் நின்று, மருந்துச் சொட்டு இரண்டையும் வாஷ்பேசினில் விட்டுவிட்டுத் தண்ணீரைத் திறந்தான். அதிலிருந்து நாலாம் நாள் கண் வெளுத்தது. மூக்கு வேலையை விட்டுவிட்டது. டீ டம்ளர் மறுபடி ஒரு சாண் தள்ளி நின்றது, அந்த ஒரு சாணில் அவன் எவ்வளவு நிம்மதியாக இருந்தான் என்பதை யாரிடம் சொல்வது?

அப்புறம் அதுவே நடைமுறையாகிவிட்டது. சாப்பிட்டு முடித்ததும், "ஏனுங்க, மருந்து" என்று ஃப்ரிட்ஜ் கதவில் கருவேப்பிலைப் பக்கத்தில் இருக்கிற அந்தச் சின்னக் குப்பியை எடுத்துக் கொடுப்பாள். கண்ணாடி பார்த்து விட்டால்தான் சரியாக விழும் என்று சொல்லி அவன் பாத்ரூமுக்குப் போவான். வலதுக்கு ஒரு சொட்டு, பேசினில். இடதுக்கு ஒரு சொட்டு, பேசினில். குப்பி மாதத்துக்கு ஒன்று ஒழுங்காகக் காலியாகும். வெளியே வந்து கண்ணை மூடிக்கொண்டு ஐந்து நிமிஷம் நாற்காலியில் சாய்ந்திருப்பான், டாக்டரம்மா அப்படி இருக்கச் சொல்லியிருந்தார்கள். அந்த ஐந்து நிமிஷமும் சாந்தாமணி டிவி சத்தத்தைக் குறைத்து வைப்பாள். குறைக்காதே என்று ஒரு நாளும் அவன் சொன்னதில்லை. பரிசோதனை வருகிற பத்து நாள் மட்டும் உண்மையாகவே கண்ணில் விழும், கண் சிவக்கும், அவன் முகத்தைத் திருப்பிக்கொண்டே நடமாடுவான், சுவர்ப் பக்கம் பார்த்துப் படுப்பான். டாக்டரம்மா டார்ச் அடித்துப் பார்த்து, "மருந்து போட்டா கொஞ்சம் சிவப்பு இருக்கத்தான் செய்யும்" என்பார்கள். அந்தச் சிவப்பே அங்கே அவனுக்கு நல்ல சாட்சியாகிவிடும். வீட்டில் குற்றம், இங்கே சாட்சி.

இதற்கு நடுவில் தப்பிக்க ஒரு ஓட்டையும் கிடைத்திருந்தது, அதை அவன் நாலு மாதமாகக் கையில் வைத்து உருட்டிக்கொண்டிருக்கிறான். டாக்டரம்மாவே சொன்னதுதான். சில பேருக்கு இருபத்தைந்து இருந்தாலும் நரம்பு கல்லு மாதிரி நிற்கும், சில பேருக்குப் பதினாலே அதிகம், நரம்பு தாங்காது, பிரஷர் ஒழுங்காக இருந்தும் பார்வை போகிறவர்கள் நிறையப் பேர் உண்டு, நீங்களும் அந்த மாதிரியோ என்று நினைக்கிறேன் என்றார்கள். அவனுக்கு அது உடனே விளங்கியது. ஒரு ஆடி மாதம் பாய்லரில் ஒரு குழாய் வெடித்ததே, முள் ஏறியா வெடித்தது? எப்போதும் நிற்கிற பத்து கிலோ அழுத்தத்தில்தான் நின்றது. உள்ளே உப்புப் பாறையாகப் படிந்து, அந்த இடம் சூடேறிச் சூடேறி இரும்பு இளகிப்போய், தினசரி தாங்குகிற அழுத்தத்தையே அன்றைக்குத் தாங்காமல் விட்டுவிட்டது. ஆகவே தன் நரம்பும் அப்படிப்பட்டதுதான் என்று வைத்துக்கொண்டால், மருந்தை ஒழுங்காக விட்டிருந்தாலும் இது போயிருக்கும். போயிருக்கும் என்றால் அவன் செய்தது ஒன்றுமில்லை. சொல்ல வேண்டியதும் ஒன்றுமில்லை. எவ்வளவு சுகமான நினைப்பு. அதில் சாய்ந்து கொஞ்ச நேரம் இருப்பான், உடனே மறுபக்கம் எழுந்து நிற்கும்: நாச்சிமுத்து, அந்தக் குழாயில் உப்பு எப்படிடா படிந்தது? முள் சரியாக நின்ற நாளைத்தானே இன்ஸ்பெக்டர் பார்த்தார், மீதி முந்நூறு நாள் உள்ளே என்ன தண்ணீர் போயிற்று என்று யார் பார்த்தார்கள்? அவன் நரம்பு பதினாலைத் தாங்காததா, இருபத்தொன்பதில் கிடந்து நைந்ததா என்று கடவுள் வந்தாலும் இனிச் சொல்ல முடியாது. தெரிந்துகொள்ள இருந்த ஒரே வழியைப் பேசினில் ஊற்றிவிட்டான். இந்த இடத்துக்கு வந்ததும் ஒவ்வொரு தடவையும் நினைப்பு தட்டி நின்று, மறுபடி பஸ்ஸுக்குப் போகும், ஐந்து வார்த்தைக்குப் போகும், அவிநாசியில் நிற்கும்.

தனியாகச் சொல்லிவிடலாம். இவளை வெளியே உட்கார வைத்துவிட்டு உள்ளே போய்ச் சொன்னால் என்ன? "நீ போய் ஒரு டீ குடிச்சுட்டு வா சாந்தா, காலைல இருந்து பட்டினி" என்றான். "உங்களைத் தனியா உட்டுப்போட்டா? வேண்டாமுங்க" என்றாள். சுவர்க் கடிகாரம் பதினொன்றேகால் காட்டியது. எதிரே ஒரு கிழவர் தாடையை நிமிர்த்திக்கொண்டு மருந்து விட்ட கண்ணோடு உட்கார்ந்திருந்தார், கண்ணீர் காதுக்குள் இறங்கிக்கொண்டிருந்தது, துடைக்கவில்லை. கொஞ்ச நேரம் கழித்து அவளாகவே, "தண்ணிப் பாட்டிலு தீந்துபோச்சு, புடிச்சுட்டு வந்தர்றேன், கூப்புட்டா இருக்கச் சொல்லுங்க" என்று எழுந்து போனாள். அவள் தூண் தாண்டித் திரும்பியதும், "நாச்சிமுத்து, பெருந்துறை" என்று சிஸ்டர் கூப்பிட்டார். இதோ கேட்ட சந்தர்ப்பம். எழுந்தான். நாலு எட்டு வைத்தால் கதவு. உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டு சொல்லிவிட்டால் ஆபரேஷன் நின்றுவிடும், சாந்தாமணிக்குக் கடைசிவரை தெரியாது. "போங்க ஐயா" என்றார் சிஸ்டர். "வூட்டுக்காரி வந்துரட்டுமுங்க" என்று அவன் வாய் சொல்லியது. அவன் சொல்லவில்லை, வாய் சொல்லியது. சொன்ன பிறகு நின்று, ஏன் அப்படிச் சொன்னோம் என்று தன்னைத்தானே பார்த்தான். பயம்தான். அவள் பக்கத்தில் இருந்தால் சொல்லாமல் இருக்க ஒரு காரணம் இருக்கும்.

சாந்தாமணி வந்து இருவரும் உள்ளே போனபோது டாக்டரம்மா பர்வீன் பார்வைச் சோதனைத் தாள் இரண்டைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். போன தடவைத் தாளில் கறுத்திருந்த இடம் பிறை மாதிரி மெல்லிசாக இருந்தது, இந்தத் தாளில் அது நடுப்புள்ளிக்குப் பக்கத்தில் வந்து தடித்திருந்தது. அதைப் பேனாவால் தொட்டு சாந்தாமணிக்குக் காட்டினார்கள். "பிரஷர் அருமையா இருக்கும்மா. அதுல ஒரு குறையும் இல்ல. ஆனா பார்வை சுருங்கிட்டே வருது. அதனால வலது கண்ணுக்கு வர்ற புதன்கிழமை ஆபரேஷன் வெச்சுக்கலாம்னு பாக்கறேன். ஆபத்து இல்லைன்னு சொல்லமாட்டேன். ஆனா வேற வழி இல்ல." பிறகு வழக்கமாகக் கேட்கிற கேள்வியை அவனைக் கேட்காமல் அவளைக் கேட்டார்கள். "மருந்து தினமும் போடறாரா? ஒரு நாள்கூட விடாம?"

"அதெப்படீங்க உடுவாரு?" என்றாள் சாந்தாமணி. அவள் நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்ததை அவன் பார்த்தான். "நாந்தானுங்களே எடுத்துக் குடுக்கறேன். போட்டுட்டு வந்து அஞ்சு நிமிசம் கண்ண மூடிட்டு உக்காந்திருப்பாருங்க, கொழந்த மாதர. டாக்டரம்மா, இவரு முன்னால எப்படியோ இருந்தாருங்க, அத நான் மறைக்கல. ஆனா பதினோரு வருசமா சொன்ன சொல்லு மாறுனதில்லீங்க. மருந்து விசயத்துல இவரு மேல நான் சத்தியமே பண்ணுவேனுங்க." சொல்லும்போது அவள் குரலில் ஒரு பெருமை இருந்தது. கல்யாணமாகி முப்பது வருஷத்தில் அந்நிய மனுஷர் ஒருவருக்கு முன்னால் அவள் அவனுக்காகப் பேசியது இதுதான் முதல் தடவை. குடித்த காலத்தில் போலீஸ் ஸ்டேஷனிலும், மாமனார் வீட்டிலும், மகள் பள்ளிக்கூடத்திலும் அவள் தலையைக் குனிந்துகொண்டுதான் நின்றிருக்கிறாள். இந்த வார்த்தைக்காகத்தானே இத்தனை வருஷம் ஒரு சொட்டுத் தொடாமல் இருந்தான். அது கிடைத்துவிட்டது. கிடைத்த வார்த்தையைக் கையில் வைத்துக்கொண்டு புதன்கிழமை ஆபரேஷன் மேஜையில் போய்ப் படுக்க முடியாது என்று அவனுக்குத் தெளிவாகத் தெரிந்தது.

"டாக்டரம்மா, அந்தப் பதினாலு பத்து நாள் பதினாலுங்க" என்றான்.

டாக்டர் நிமிர்ந்து பார்த்தார்கள். அவன் மேஜை விளிம்பைப் பார்த்துக்கொண்டே சொன்னான். பத்து நாள் கணக்கைச் சொன்னான், பேசினைச் சொன்னான், மூன்று வருஷம் என்று சொன்னான். ஐந்து வார்த்தை என்று நினைத்தது நீண்டுகொண்டே போயிற்று. டாக்டர் பேனாவை மூடி வைத்தார்கள். "ஏன்?" என்று கேட்டார்கள். "கண்ணு செவந்துருதுங்க. பட்டறையில தப்பா நெனச்சுக்குவாங்கன்னு…" என்றான். "ஆரம்பத்துலதாங்க சிவக்கும்" என்றார்கள் டாக்டர். "விடாம போட்டா ஒண்ணு ரெண்டு மாசத்துல தானா குறைஞ்சிரும். நீங்க ஒவ்வொரு தடவையும் முதல்ல இருந்து ஆரம்பிச்சீங்க, அதான் ஒவ்வொரு தடவையும் சிவந்துச்சு. அப்படியும் குறையலன்னா வேற மருந்து மாத்தித் தந்திருப்பேனே. ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே." கோபப்படுவார்கள் என்று நினைத்தான், அந்தம்மா கண்ணாடியைக் கழற்றிவிட்டு நெற்றியைத் தேய்த்துக்கொண்டார்கள். "மூணு வருஷமா உங்க கண்ணுன்னு நெனச்சு வேற யார் கண்ணுக்கோ வைத்தியம் பாத்திருக்கேன். சரி. புதன்கிழமை வேண்டாம். வேற மருந்து ரெண்டு எழுதறேன். ஒரு மாசம் உண்மையாப் போட்டுட்டு வாங்க. அப்ப எவ்வளவு இருக்குன்னு பாத்தாத்தான் உங்க நரம்பு எதைத் தாங்கும்னு நான் தெரிஞ்சுக்க ஆரம்பிக்கவே முடியும். அப்பவும் ஆபரேஷன் வேண்டியிருக்கலாம்." அப்போதுதான் சாந்தாமணி வாயைத் திறந்தாள். "போனது திரும்பி வருமுங்களா?" என்றாள். டாக்டர் தலையை அசைத்தார்கள். "வராதும்மா. இருக்கறதக் காப்பாத்தலாம்."

வெளியே வந்து மருந்து வாங்குகிற இடம் வரைக்கும் அவள் அவன் இடது பக்கமாக நடந்துவந்தாள். அழுகிறாளா என்று பார்க்க வேண்டுமானால் அவன் கழுத்தை முழுக்கத் திருப்ப வேண்டும், திருப்பத் தைரியம் வரவில்லை. வரிசை நீளமாக இருந்தது. அதன் கடைசியில் போய் நின்றார்கள். "பட்டறையில யாருங்க தப்பா நெனச்சது?" என்று கேட்டாள். அவன் மருந்துச் சீட்டை மடித்தான். "நாந்தானுங்களே" என்றாள். இல்லை என்று சொல்ல வாயெடுத்தான். இன்னொரு பொய் எதற்கு என்று விட்டுவிட்டான். வரிசை ஒரு ஆள் நகர்ந்தது, அவர்களும் நகர்ந்தார்கள். யாரோ மூன்றாம் ஆளைப் பற்றிச் சொல்கிற மாதிரி, கோபமே இல்லாமல் சொன்னாள்: "நீங்க குடிச்சிருந்தாக்கூட எனக்குத் தெரிஞ்சிருக்குமுங்க. இது தெரியாமப் போயிருச்சுங்க." அவள் அவன் கையிலிருந்த மருந்துச் சீட்டை வாங்கிக்கொண்டு, "நீங்க போய் உக்காருங்க, நான் வாங்கியாறேன்" என்றாள்.